மரக்காலுக்குள் எழுந்தவன்

சோபட்மா. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்துக் கரையிலிருந்து கப்பல் ஏறிய கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய கடல்வழிக் கையேட்டில் இந்தப் பெயர் இருக்கிறது. அந்த நூலுக்கு 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' என்று பெயர். எழுதியவர் தம் பெயரை எங்கும் சொல்லவில்லை. நம் கீழைக் கரையில் கப்பல் வந்து நிற்கும் பட்டினங்களைச் சொல்லும்போது கமரா, பொடுகே, சோபட்மா என்று மூன்றை வரிசையாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். கமரா காவிரிப்பூம்பட்டினம், பொடுகே புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடு, சோபட்மா சங்கப் பாட்டில் வரும் எயிற்பட்டினம், அதாவது இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலர் ஏற்றுக்கொண்ட முடிவு.

வரலாற்றில் முதுகலை படிக்கும் எங்களைப் பேராசிரியை அம்மா ஒரு மாசி மாதத்தில் அழைத்துப் போனது இந்தப் பெயர்களைத் தேடித்தான். பண்டைய கிரேக்கரைப் படிக்கிற மாணவர்கள் ஏதென்சுக்கும் டெல்பிக்கும் போவார்கள். கிரேக்கர்கள் வந்து போன கரையே நம் வீட்டு வாசலில் கிடக்கும்போது நாம் ஏன் ஏங்க வேண்டும் என்று அம்மா கேட்டார். காலையில் அரிக்கமேடு, பிறகு புதுச்சேரி அருங்காட்சியகம், பிற்பகலில் மரக்காணம் என்பது திட்டம். இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அந்தத் திட்டத்தில் இல்லாத ஒன்றுக்காக. அன்று மாலை மரக்காணத்துப் பூமீஸ்வரர் சந்நிதியில் எனக்குக் கிடைத்ததை எப்படிச் சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அரிக்கமேட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் தென்னந்தோப்பு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடம். இத்தாலியில் சுட்ட சிவப்பு மண்பாண்டத் துண்டுகள் அங்கே கிடைத்ததால்தான் தென்னிந்தியத் தொல்லியலுக்கே ஒரு காலக்கணக்கு பிறந்தது. அங்கே கண்ணால் காணக் குறைவு. அருங்காட்சியகத்தில்தான் நான் நின்றுவிட்டேன். மது கொண்டுவந்த ஆம்போரா சாடிகளின் உடைந்த துண்டுகள் அங்கே இருக்கின்றன. கிரேக்கத் தீவான காஸ் பாணிச் சாடிகளின் கைப்பிடியை எளிதில் அடையாளம் காணலாம். இரண்டு களிமண் உருளைகளை நீளவாக்கில் ஒட்டினாற்போல இருக்கும். ஈரம் காயாத களிமண்ணை யாரோ ஒருவர் விரலால் அழுத்தி ஒட்டியிருக்கிறார். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் வாழ்ந்த அந்த மனிதரின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, அவர் வணங்கிய தெய்வம் எது என்றும் தெரியாது. அவர் வேலையின் ஒரு துண்டு மட்டும் இந்தக் கரையில் வந்து கிடக்கிறது. ஒரு மனிதர் முழுக்க மறைந்து போனாலும் அவர் இருந்தார் என்பது மறையாது என்று அப்போது நினைத்தேன். அந்த நினைப்பு நாள் முழுக்க என்னோடு வந்தது.

மரக்காணத்தில் இறங்கியதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "இங்கே பார்க்க ஒண்ணும் இல்லை. பார்க்கத் தெரிஞ்சா எல்லாம் இருக்கு." சோபட்மாவின் துறை எங்கே இருந்தது என்று கைகாட்டிச் சொல்ல ஒரு கல்கூட அங்கே நிற்கவில்லை. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். அந்த இடைக்கழிநாடு இன்றும் அதே பெயரில் பேரூராட்சியாக மரக்காணத்துக்கு வடக்கே இருக்கிறது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்தை அவர் பாடும்போது, அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள கட்டைகள் ஒட்டகம் படுத்து உறங்குவதுபோல் கரையில் கிடப்பதைச் சொல்கிறார். ஒட்டகம்! இந்த ஈரக் கரையில் வாழும் புலவருக்குப் பாலைநிலத்து விலங்கு உவமையாக வருகிறது என்றால், எத்தனை நாட்டுக் கப்பல்கள் இங்கே பாய் இறக்கியிருக்க வேண்டும். பெரிப்ளூஸ் நம்மவர் கப்பல்களையும் சொல்கிறது. பெரிய மரங்களை இணைத்துக் கட்டியவற்றுக்குச் சங்கரா என்று பெயர். கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் கடல் கடந்து போன பெருங்கலங்களுக்கு வேறு ஒரு பெயர். வந்தவர்கள் மட்டும் கடலோடிகள் இல்லை, நாமும்தான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அந்தக் கரையில் இன்று கண்ணுக்குத் தெரிவது உப்பளம். 3,000 ஏக்கருக்கு மேல், வானம் தொடும் வரை கட்டம் கட்டமாகப் பாத்திகள். ஆந்திரக் கரையிலிருந்து ஓடிவரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. கழுவேலி ஏரியும் பக்கத்தில்தான். 2021இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நாங்கள் போனபோது தூரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். இந்தப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள்.

வரப்பில் நடந்தோம். பாத்திக்குள் ஓர் ஆயா நீண்ட கழியில் பொருத்திய மரப்பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, முழங்கால் வரை ஏற்றிச் செருகிய புடவை, வெறுங்கால். பக்கத்துப் பாத்தியில் இன்னும் உப்பு இறங்கவில்லை. வெயில் ஏற ஏற அந்த நீரின்மேல் பாலாடைபோல் ஒன்று மெல்லப் படிவதை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று ஒருமுறை தொட்டதும் அந்த ஆடை உடைந்து, கண்ணாடித் தூளாக மினுங்கி, நீருக்குள் இறங்கியது.

"இன்னா கண்ணு அப்படிப் பாக்குற?" என்றார் ஆயா.

"உப்பு எங்கேயிருந்து வருதுன்னு பாக்குறேன் ஆயா."

"எங்கேயிருந்தும் வரல. அது அங்கதான் கீது. தண்ணி போனா தெரியுது. அவ்ளோதான்."

அவர் பலகையை இழுத்துக்கொண்டே போய்விட்டார். நான் வரப்பிலேயே நின்றேன்.

ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்த்து 35 கிராம் அளவுக்குக் கரைந்திருக்கும். நாம் சோற்றில் போடும் உப்பு அதில் 27 கிராம் தேறும். ஒரு கிலோ உப்புக்கு முப்பது லிட்டருக்கும் மேல் கடல் வற்ற வேண்டும். நீரை ஒரே பாத்தியில் விட்டுவிட முடியாது. முதல் பாத்தியில் தெளிய வேண்டும், அடுத்ததில் இறுக வேண்டும், சுண்ணாம்புச் சத்து முதலில் கீழே இறங்க வேண்டும். நீரின் அடர்த்தி பாமே அளவில் 25 பாகையைத் தொடும்போதுதான் உப்பு மணியாக விழத் தொடங்கும். அதையும் தாண்டி 30 பாகையை எட்டினால் கசப்பு நீர் மிஞ்சும். அதை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் உப்பும் கசக்கும். அதற்கெல்லாம் முன்னால், பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகவில்லை என்றால் நீர் மண்ணுக்குள் போய்விடும், உப்பில் சேறு ஏறும். இத்தனையும் செய்த பிறகும் ஒரு கோடை மழை பெய்தால் மறுபடி முதலிலிருந்து.

சாந்தோக்கிய உபநிடதத்தில் ஒரு பாடம் உண்டு. சுவேதகேது படித்துவிட்டு வந்த பிள்ளை. தந்தை உத்தாலகர் அவனிடம் உப்புக்கட்டியைக் கொடுத்து நீரில் போடச் சொல்கிறார். மறுநாள் காலையில் அந்த உப்பை எடுத்துக் கொடு என்கிறார். பிள்ளை கைவிட்டுத் துழாவுகிறான், காணவில்லை. மேலே எடுத்துச் சுவை, நடுவில் சுவை, அடியில் சுவை என்கிறார் தந்தை. எங்கும் கரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் நிறைந்திருக்கிறதே, அந்த மெய்ப்பொருளும் இப்படித்தான் என்று சொல்லித் தருகிறார். தத்துவ வகுப்பில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். மரக்காணத்து வரப்பில்தான் அந்தப் பாடத்தின் மறுபாதி இருந்தது. கரைந்தது எங்கும் இருக்கிறது என்பது ஒரு பாதி. எங்கும் இருப்பது ஒருநாள் ஓரிடத்தில் மணியாகத் திரண்டு, கையில் எடுக்கலாம்படி, நாவில் வைக்கலாம்படி வந்து நிற்கும் என்பது மறுபாதி. தரை இறுக வேண்டும், வெயில் தாங்க வேண்டும், கசப்பு வடிய வேண்டும். பள்ளிக்கூடம் போனதுண்டோ இல்லையோ, அந்த ஆயா அதை மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

மாலையில் அம்மா எங்களைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். கல்வெட்டுகளுக்காகத்தான். பூமீஸ்வரர் கோயில் சோழர் காலக் கற்றளி. முதல் இராசராசன் காலம் தொடங்கிச் சுவரெல்லாம் எழுத்து. ஓய்மாநாடு என்ற பழைய பெயர் சங்கப் பாட்டோடு முடிந்துவிடாமல் சோழர் கல்வெட்டுகளிலும் தொடர்ந்து வருவதை அம்மா எடுத்துச் சொன்னார். உப்பளத்தை அந்தக் காலத்தில் அளம் என்றும் பெரியதைப் பேரளம் என்றும் எழுதினார்கள். நான் கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். 'ள'வா 'ன'வா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே உள்ளே மணி அடித்தது. அன்றைக்குப் பிரதோஷம் என்பது எங்களில் யாருக்கும் நினைவில்லை.

ஊர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். கையில் பால் செம்பு, வில்வம், அருகம்புல் மாலை. உப்பளத்திலிருந்து குளித்துவிட்டு நேரே வந்தவர்கள் சிலர். அவர்கள் குதிகால் வெடிப்புகளில் வெள்ளை இன்னும் ஒட்டியிருந்தது. நந்திக்கு அபிஷேகம் தொடங்கியது. பால், தயிர், இளநீர், சந்தனம். கருங்கல் நந்தியின் முதுகில் பால் வழிந்து கழுத்து மடிப்பில் தேங்கி நின்று, பிறகு ஒரே தாரையாக இறங்கியது. ஒரு பாட்டி கண்ணை மூடித் தேவாரம் பாடினார். குரல் நடுங்கியது, பண் நடுங்கவில்லை.

கூட்டம் நந்தியைச் சுற்றி நிற்க, நான் ஓரமாக நின்றேன். குருக்கள் என்னைப் பார்த்து, "காலேஜிலேர்ந்து வந்திருக்கேளா? வாங்கோ, உள்ளே வந்து சுவாமியைப் பாருங்கோ. கதை தெரியுமோ?" என்றார். தெரியாது என்றேன். அவர் சொன்னார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

சிவபூசை முடிக்காமல் சோறு தொடாத ஓர் அடியவர் இந்த வழியே வந்தாராம். அந்நாளில் இங்கே கோயில் இல்லை. பூசைக்கு லிங்கம் இல்லாமல் அவர் பட்டினி கிடப்பாரே என்று உடன் இருந்தவர்களுக்குக் கவலை. தானியம் அளக்கும் மரக்காலைத் தரையில் கவிழ்த்து, திருநீறு பூசி, பூச்சூட்டி, இதோ சிவலிங்கம் என்று காட்டிவிட்டார்கள். அடியவர் நம்பினார். உருகி உருகிப் பூசை செய்தார், உண்டார், மகிழ்ந்தார். பிறகு அவர்கள் மரக்காலை எடுக்கப் போனால் மரக்காலைக் காணவில்லை. அந்த இடத்தில் பூமியிலிருந்து லிங்கம் எழுந்திருந்தது. அதனால் பூமீசன்.

"அளக்கிறதுக்குள்ளே அளவில்லாதவன் வந்துட்டான், பாத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுக் குருக்கள் தீபத்தை ஏற்றினார்.

தீபம் மேலே போனது. லிங்கத் திருமேனியில் வெளிச்சம் விழுந்தது.

எனக்கு அதற்கு மேல் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல முடியாது. காலையிலிருந்து பார்த்ததெல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதியது. அருங்காட்சியகத்துச் சாடியின் கைப்பிடி, கல் ஒன்றும் மிஞ்சாத துறை, நீருக்குள்ளே இருந்துகொண்டே தெரியாத உப்பு, "அது அங்கதான் கீது" என்ற குரல். இந்தக் கரைக்கு வந்தவர்கள் எல்லாரும் அளந்தவர்கள். யவனன் மதுவை அளந்தான். பரதவன் முத்தை எண்ணினான். உமணன் உப்பை அளந்து நெல்லுக்கு மாற்றினான். நானும் எழுத்தையும் மண்பாண்டத் துண்டையும் ஆண்டையும் அளக்கத்தான் வந்தேன். அத்தனை பேரும் அளந்துகொண்டிருந்த கரையில், அளக்கும் கருவியையே தனக்கு இடமாக எடுத்துக்கொண்டவனே! கயிலாயம் இருக்க, பொன்னம்பலம் இருக்க, கடைத்தெருவின் ஒரு மரக்காலுக்குள் வந்து உட்கார உனக்கு எப்படி மனம் வந்தது? பொய்யாய்க் காட்டிய இடத்தில் மெய்யாய் எழுந்தாயே. அந்த அடியவரின் நம்பிக்கை கெட்டுவிடக் கூடாது என்று பூமியைப் பிளந்துகொண்டு வந்தாயே. யாருக்காக வந்தாய்? ஒருவேளைச் சோறு தள்ளிப் போகக் கூடாதே என்றுதானே!

கண்ணீர் பெருகியது. துடைக்கத் தோன்றவில்லை. கை தானாகத் தலைமேல் குவிந்தது. மயிர்க்கால்கள் எல்லாம் நின்றன. தொண்டைக்குள்ளே 'சிவசிவ' என்ற சொல் உருண்டதே தவிர வெளியே வரவில்லை. என் கால் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. அம்மாவோ தோழிகளோ பக்கத்தில் இருந்தார்களா என்றும் தெரியவில்லை. பயம் இல்லை, துக்கம் இல்லை. எனக்குள்ளே ஏதோ ஒன்று வற்றிக்கொண்டே வந்து, எஞ்சியது மணியாய்த் திரண்டதுபோல் இருந்தது. அதுவரை பக்தி என்றால் வேண்டுதல் என்றுதான் நினைத்திருந்தேன். தேர்வுக்கு ஒரு வேண்டுதல், அப்பாவின் உடம்புக்கு ஒரு வேண்டுதல். அன்று அந்தச் சந்நிதியில் கேட்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. கேட்கிறவள்கூட அங்கே இல்லை. அவன் மட்டும் இருந்தான். முன்னும் அவன்தான் இருந்தான். கப்பல் வருவதற்கு முன்னும், அலை மண்ணை அரித்து எடுத்துப் போன பின்னும், உப்பு தெரியும்போதும், தெரியாதபோதும்.

ஐயனே, உன்னைத் தேடி நான் வரவில்லை. கிரேக்கனைத் தேடித்தான் வந்தேன். அவனைக் காட்டுகிறேன் என்று கூட்டிவந்து உன்னைக் காட்டிவிட்டாய்.

யாரோ என் நெற்றியில் திருநீறு பூசினார்கள். கண்ணைத் திறந்தால் உப்பளத்து ஆயா. மஞ்சள் பூசிய முகம், ஈரத் தலை. "அழுவாத கண்ணு" என்று சொல்லவில்லை அவர். "நல்லா அழுவு" என்றார். "அவரு முன்னால அழாம வேற யாரு முன்னால அழுவுறது?" அவர் உள்ளங்கையின் சொரசொரப்பு என் நெற்றியில் பட்டது. அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

பேருந்தில் திரும்பும்போது தோழிகள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அம்மா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் பக்தி பற்றி வகுப்பில் பேசுகிறவர் இல்லை, சான்று இல்லாமல் ஒரு வாக்கியம் எழுத விடமாட்டார். வெகுநேரம் கழித்து, "அந்தக் கல்வெட்டுகளை யாரு எதுக்காகப் பொறிச்சு வச்சாங்கன்னு நெனைக்கிற?" என்று கேட்டார். நிலம் கொடுத்ததற்கும் விளக்கு எரிக்க ஆடு விட்டதற்கும் கணக்கு என்று பாடத்தில் இருப்பதைச் சொன்னேன். "கணக்குதான். ஆனா உனக்கு இன்னிக்கு நடந்தது அவங்களுக்கும் நடந்திருக்கும். இல்லைன்னா யாரும் நிலத்தை எழுதி வைக்க மாட்டாங்க" என்றார். வரலாறு படிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறோம். கோயிலுக்குக் கொடுத்ததை அரசியல், பொருளாதாரம், அதிகாரம் என்று விளக்கத் தெரிந்த அளவுக்கு, கொடுத்தவர் சந்நிதியில் நின்று உருகியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நந்தாவிளக்குக்கு ஆடு விட்டவரும் அந்தச் சுடரைப் பார்த்துக் கண்கலங்கிய ஒருவர்தானே. அதை எழுதாத ஆய்வு பாதி ஆய்வு என்றே இப்போது எண்ணுகிறேன்.

அதன் பிறகு நேரம் வாய்க்கும் பிரதோஷங்களில் மரக்காணம் போகிறேன். பகலில் கல்வெட்டைப் படிக்கிறேன், மாலையில் கிரிஜாம்பிகை அம்மனையும் பூமீசனையும் கண்டு வருகிறேன். முதல் நாள் வந்த வெள்ளம் ஒவ்வொரு முறையும் வருவதில்லை. வர வேண்டும் என்று நான் கேட்பதும் இல்லை. தரையை இறுக்குவது நம் வேலை, வெயில் அவன் கையில்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே போகிறவர்கள் பெரும்பாலும் மரக்காணத்தைச் சன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்து போகிறார்கள். இறங்குங்கள். திண்டிவனத்திலிருந்தும் பேருந்து உண்டு. மழைக்காலத்தில் உப்பு விளையாது. தை பிறந்த பிறகு, ஆவணிக்கு முன்னால், பிரதோஷமாகப் பார்த்துப் போங்கள். சந்நிதியில் கூட்டம் நெரிக்காது, நின்று பார்க்கலாம். ஒரு செம்பு பாலும் ஒரு கை வில்வமும் போதும். வெயில் சாய்வதற்கு முன்பே போய், முதலில் உப்பளத்து வரப்பில் ஒரு நடை நடந்துவிடுங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் பூமீசனைப் பற்றிக் கேளுங்கள். நான் இத்தனை பக்கத்தில் சொல்ல முயன்றதை அவர்கள் பலகையை இழுத்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.